நாலு சாஸ்தாவும் அத்தானின் கட்டமும்

அத்தானின் கட்டம் போட்ட நோட்டு எங்கள் வீட்டு டிவிக்கு அடியில் கிடக்கிறது. குறுக்கே நாலு பேர், நெடுக்கே நாலு ஊர், நடுவெல்லாம் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் புதிர்களை அப்படித்தான் விடுவிப்பார். இது இல்லை, அது இல்லை என்று அடித்துக்கொண்டே வந்து மிஞ்சுவதுதான் விடை. என் அக்காவைக் கட்டியவர். பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்ந்தவர். வீட்டில் அதிரசம் ஒன்று குறைந்தாலும் யார் தின்றது என்று கட்டம் போடுவார். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்த நோட்டைப் பார்த்தாலே தலை வலிக்கும்.

பேரனுக்கு ஒரு வயதில் முதல் மொட்டை போட வேண்டியிருந்தது. அதைக் குலசாஸ்தாவிடம்தான் இறக்க வேண்டும். எங்கள் சாஸ்தா எது என்பதுதான் தெரியவில்லை. எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா போய்விட்டார். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஆழ்வார்குறிச்சியில் தெருவே அவரவர் சாஸ்தாவைத் தேடி வண்டி பிடித்துப் போகும். நாங்கள் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவோம். சாமி எங்களைத் தேடுமே என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாஸ்தா தெரியாதவர்கள் மலையடிவாரத்து அய்யனாரிடம் மன்னிப்புக் கேட்டு முடி இறக்கலாம். அதைச் சொன்னதுமே அத்தான் பென்சிலைச் சீவினார்.

"தெரியலன்னு ஏன் சொல்லணும் மாப்ளே? நம்ம ஆளுவ போற கோயில் நாலுதான். மூணை அடிச்சிட்டா முடிஞ்சுது."

அப்பாவின் தங்கை, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட என் வயசான அத்தை, சிறுபிள்ளையில் போன நினைவாக மூன்று சொன்னாள்: கோயிலுக்கு முன்னால் குளம் உண்டு, கிடா வெட்டு இல்லை, ஆற்றைக் கடந்து போவோம். பாறைமேல் இருந்த சாஸ்தாவுக்குக் குளம் இல்லை; அடித்தார். பனங்காட்டுச் சாஸ்தா கோயிலில் கிடா வெட்டு, அடித்தார். எங்கள் ஊரையொட்டிய தோப்புச் சாஸ்தாவுக்கு ஆற்றைக் கடக்க வேண்டாம், அதையும் அடித்தார். மிஞ்சியது அக்கரைச் சாஸ்தா.

உத்திரத்தன்று வேன் பிடித்துப் போனோம். பிள்ளை அழ அழ மொட்டை போட்டுச் சந்தனமும் பூசியாயிற்று. அப்புறம்தான் அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இது இல்லலே."

"நீங்கதான அத்தை ஆத்தைக் கடந்து போவோம்னு சொன்னிய?" என்றேன்.

"ஆமா, கடந்துதான் போவோம். அப்ப நாம அக்கரையிலல்லா குடியிருந்தோம்."

"இதை ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீங்க யாருலே கேட்டிய?"

அத்தான் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "முறை சரிதான் மாப்ளே. தகவல்தான் பத்தல."

"பிள்ளை தலையைப் பாருங்க அத்தான். இனிமே ஒட்டவா முடியும்?"

அன்று சாயங்காலமே, அத்தான் அடித்துப்போட்ட தோப்புச் சாஸ்தாவிடம் போனோம். நாற்பது வருசமாக நான் சைக்கிள் கைப்பிடியிலிருந்து கும்பிடக்கூடக் கையெடுக்காமல் கடந்துபோன கோயில். அத்தைக்குப் பார்த்ததுமே அழுகை வந்துவிட்டது. பூசாரி, "மூணு வயசுல அடுத்த மொட்டை இங்கன போடுங்க. அதுவரைக்கும் கத்தி படாம வளத்துக் கொண்டாங்க" என்றார்.

இரண்டு வருசம் வளர்த்தோம். தெருவில் பேரனைப் பொம்பளைப் பிள்ளையைப்போல 'ஏட்டி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அத்தான் தினமும் காலையில் வந்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, சடை போட்டுவிடுவார். தப்பு தன்னுடையது என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. "மூணு தகவலும் சரி, பாத்துக்கோ" என்பார் சடையைப் பின்னிக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது பக்கவாதம் வந்து கோயம்புத்தூரில் மகன் வீட்டில் படுத்திருக்கிறார். இந்த உத்திரத்துக்கு அவர் இல்லாமலே பேரனின் முடியைத் தோப்பில் இறக்கினோம். பூசாரி அர்ச்சனைக்குப் பேர் கேட்டார். வீட்டு ஆட்கள் பேரெல்லாம் சொல்லிவிட்டு அத்தான் பேரையும் சொன்னேன். அவருக்கு இது குலசாமி இல்லை. அவர் வழிச் சாஸ்தா வேறு. ஆனாலும் என் வாய் சொல்லிவிட்டது.

"நட்சத்திரம்?"

தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டால் சொல்லுவாள். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது.

"இருபத்தேழுல ஒண்ணு சாமி" என்றேன். "மத்த இருபத்தாறையும் அவரே அடிச்சுக்கிடுவாரு."

பூசாரி எனக்குப் புத்தி பிசகியதோ என்பது போலப் பார்த்துவிட்டு, பூவை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.