ஆயுத பூஜைக்கு நின்ற அலை

ரீபாவுக்கு முப்பத்தாறு வயது. ஞாயிறு ஆராதனை முடிந்து பாளையங்கோட்டைக் கோயில் வாசலில் அகப்படுகிறவர்கள் எல்லோரும் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். "இந்த வருசம் ஆராய்ச்சி முடிஞ்சிரும், பெறவு பாப்போம்" என்று தப்பிப்பாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்துவிட்டது.

ஆராய்ச்சி ஈர்ப்பலை பற்றியது. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதும்போது பரவுகிற அலையைக் கணினியில் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டும். கங்கைகொண்டான் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், ஆய்வகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஓடவிட்டிருந்தாள். வாரக்கணக்காக ஓடியது. மோதல் மட்டும்தான் பாக்கி. அது வராவிட்டால் முன்னால் ஓடியது அத்தனையும் குப்பை. பட்டத்தை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசித் தவணையும் அந்த மாதத்தோடு முடிகிறது.

இடையிடையே சேமித்து வைத்தால், நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதை நிறுத்தச் சொன்னவர் அவளுடைய வழிகாட்டி சிவசண்முகம். அந்தக் கோப்புகள் கணினியில் இடத்தை அடைக்கின்றனவாம். மகள் கல்யாண வீடியோவை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார், பாவம்!

ஆயுத பூஜை வந்தது. போன வருடம்வரை ஓடுகிற கணினிக்கே பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தைரியத்தில் இருந்துவிட்டாள். சந்தனக் கிண்ணத்தோடு வந்த சிவசண்முகம், "எல்லாத்தையும் அமத்துங்க" என்றார்.

"சார், ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். பொட்டு வைங்க, மாலை போடுங்க, நானே பூக்கட்டித் தாரேன். அமத்த மட்டும் வேண்டாம் சார்."

"ஓடுத மிஷினுக்கு யாராவது பூஜை போடுவாவளா? சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கோடி வருசம் சுத்தின கருந்துளை, ரெண்டு நாள் பொறுக்காதாக்கும்?"

இதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஆய்வக உதவியாளர் சண்முகசுந்தரி, ரீபாவின் முகத்தைப் பார்க்காமல் மெயின் சுவிட்சை இறக்கினாள். ரீபாவின் கையிலும் ஒரு பொட்டலம் பொரிகடலையைத் திணித்தார்கள். வாங்கிக்கொண்டாள். வாங்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

தவணையை நீட்டிக்கக் கேட்டு ஆய்வுக் குழுவின் முன்னால் போய் நின்றாள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இரக்கப்பட்டு, "இடையில எங்கயாவது சேமிச்சு வச்சிருப்பீங்களேம்மா?" என்று கேட்டார்.

ரீபா சிவசண்முகத்தைப் பார்த்தாள். நீட்டிப்புக்கு அவருடைய கையெழுத்து வேண்டும். நடந்ததை அவரே சொல்லிவிடுவார் என்று அந்தப் பைத்தியம் நம்பியது.

"கேக்காருல்லா, சொல்லும்மா" என்றார் அவர். "சேமிச்சு வச்சியா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா? இந்தப் பொறுப்பில்லாத பிள்ளை பின்னாலதான் நான் இத்தன வருசம் அலைஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நீட்டிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.