உப்பு ஆச்சா?

ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக் கல்யாணச் சமையலில் ஸ்ரீகண்டனுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. குழு ராமசுப்ரமணிய ஐயருடையது. அவருக்குப் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசவே நேரம் போதாது. அதனால் அடுப்படியில் எல்லாரும் ஸ்ரீகண்டனின் வாயைத்தான் பார்ப்பார்கள். அவனைவிடப் பத்து வயது மூத்த சேஷன்கூட.

சாமிக்கு நிவேத்யம் ஆகும்வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. வாசனையிலேயே ஸ்ரீகண்டன் உப்புப் பார்த்துவிடுவான் என்று தெருவில் பேச்சு. சுத்தப் பொய். எல்லாவற்றுக்கும் உப்பை அவனே போட்டு ஞாபகம் வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். அந்த ஞாபகம் என்றைக்குக் காலை வாருமோ என்று உள்ளுக்குள் நடுங்குவான். வெளியே மட்டும் எல்லாம் தெரிந்த முகம். மகா கெட்டிக்காரன்!

1932 ஆவணியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் காலைக் காப்பிக்கே முகம் சுளித்துவிட்டார்கள். இன்னொரு குறை வந்தால் ராத்திரிச் சமையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். போதாததற்கு விறகு ஈரம். ஸ்ரீகண்டன் அடுப்புக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

"சாம்பாருக்கு உப்பு ஆச்சா?" என்று கேட்டான் காய் நறுக்கிக்கொண்டிருந்த அனந்தன்.

"ஆச்சு."

சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. போட்டேனா? பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் சாம்பார் தளதளத்தது. மறுபடி போட்டால் உப்புக் கரித்துவிடும். போடாவிட்டால் சப்பென்று இருக்கும். பேசாமல் இருந்துவிடலாமா? மானமாவது மிஞ்சும். வெளியே இலை போடும் சத்தம் கேட்டது.

"எனக்கு நிச்சயமில்லை," என்றான். "உப்பு போட்டேனோ இல்லையோ, தெரியலை."

சேஷன் கரண்டியைக் கீழே வைத்தான். "நான் போட்டுட்டேன்டா. நீ கொல்லைக்குப் போனப்போ. விட்டுப்போச்சோன்னு ஒரு சம்சயம்."

"ஒரு வார்த்தை கேட்கப்படாதா?"

"உன்னையா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. கேட்டா நம்மளைப் பரிகசிப்பியோன்னு பயமா இருந்தது."

ஸ்ரீகண்டனுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை; இரண்டு பேரும் போட்டிருந்தால் உப்பு இரட்டிப்பு. பாதிச் சாம்பாரை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, வெந்த பருப்பும் புளித்தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்தான்.

ராமசுப்ரமணிய ஐயர் ஓடிவந்தார். "இலை போட்டாச்சு, இங்கே என்னடா பண்றேள்?"

"கொஞ்சம் பொறுக்கணும். உப்பிலே சந்தேகம்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் திட்டிய திட்டு பந்தல்வரை கேட்டது.

நிவேத்யம் ஆனதும் சேஷன் உள்ளங்கையில் சாம்பாரை விட்டு நக்கிப் பார்த்தான். "கொஞ்சம் போறாது." உப்பை அள்ளியவன், வார்ப்புக்கு மேலே கையை நிறுத்தினான். "இவ்வளவு போடட்டுமாடா?"

"எனக்குத் தெரியாதுன்னு இப்போதானே சொன்னேன்!"

"அதனாலதான் கேக்கறேன்," என்றான் சேஷன்.

மாப்பிள்ளையின் மாமா இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார். ராத்திரிச் சமையலும் இவர்களுக்கே கிடைத்தது. ஒவ்வொரு வார்ப்புக்கும் சேஷன் கேட்டுக் கேட்டு ஸ்ரீகண்டனின் உயிரை வாங்கிவிட்டான்.