கழுவாத கோட்டுகள்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் கோட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவு மரியாதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கோட்டைப் பார்த்துவிட்டு, "மாப்பிள வந்துட்டாருப்பா, தாலி எங்க?" என்று கேட்டார்கள். வலங்கைமான் பக்கம் இரண்டு வைக்கோல் போர், ஒரு கயிற்றுக் குடோன் எரிந்ததும் நானும் கரிச்சட்டி ஆனேன். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. பத்தாவதையே தட்டுத்தடுமாறித் தாண்டியவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அந்தக் கரிதான்.

கோட்டை யாரும் துவைக்கமாட்டோம். துவைத்தால் தீயைத் தாங்கும் சக்தி போய்விடும் என்று ஒரு பேச்சு. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் உதறி மாட்டுவோம், அவ்வளவுதான். தீயை அணைத்ததும் கழற்றி, வண்டிக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குவியலாக எறிவோம்.

டிரைவர் அண்ணன் தீக்குள் போகிறவர் இல்லை. வண்டியோடு நின்று பம்பைப் பார்த்துக்கொள்வார். ஆனால் எங்கள் கோட்டுகளோடு அதிக நேரம் இருந்தவர் அவர்தான். மதியச் சாப்பாடு முடிந்தால் அந்தக் குவியலில்தான் தலை சாய்ப்பார்.

"அண்ணே, அடுப்புக்குள்ள படுத்த பூன மாதிரியே இருக்கீங்க" என்பேன்.

"வீட்ல தலகாணி உறைய மாத்து, உறைய மாத்துன்னு அவ உசுர வாங்குறா. இங்க அந்தத் தொல்ல இல்ல பாரு" என்பார்.

பிறகு அவர் குரல் கம்மியது. சளி என்று மிளகுப் பால் குடித்துக்கொண்டே காலத்தைப் போக்கினார். தஞ்சாவூருக்கு நான்தான் கூட்டிப்போனேன். தொண்டையில் புற்று.

"பீடி, சிகரெட்டு?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல."

"புகையிலை?"

"கல்யாணத்துல குடுத்த வெத்தலையக்கூட மடிச்சுப் பையில வச்சுக்குவேன் சார்."

என்ன வேலை, எப்படிச் செய்வீர்கள் என்றெல்லாம் டாக்டர் விசாரித்தார். கோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குவதை நான்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அது வெறும் கரி இல்லப்பா. பிளாஸ்டிக்கு, ரப்பரு, பெயிண்டு எரிஞ்ச விஷம். துணியில ஒட்டிக்கிட்டு, தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போகும். அதுலயா தூங்குறாங்க?"

 

அண்ணன் சிகிச்சையில் இருந்தபோது சென்னையிலிருந்து ஒருவர் பயிற்சி கொடுக்க வந்தார். தீ அணைந்ததும் அந்த இடத்திலேயே சோப்புத் தண்ணீர் விட்டுக் கோட்டைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பையில் போட்டுக் கட்டி, ஆள் உட்காராத இடத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கை, கழுத்து கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. துவைத்தால் கெட்டுப்போகாதா என்று கேட்டோம். கரி ஏறிய கோட்டுதான் சீக்கிரம் தீப்பிடிக்கும் என்றார். வாளி, பிரஷ், சோப்புத்தூள், கொஞ்சம் பைகள் கொடுத்துவிட்டுப் போனார். பைகள்தான் முதலில் தீர்ந்தன. புதுப் பைகள் வரவே இல்லை.

அண்ணன் வேலைக்குத் திரும்பினார். குரல் போய்க் காற்று மட்டும் மிச்சம். காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். வந்த அன்று ஒன்றே ஒன்று கேட்டார். "கோட்டு என் வண்டிக்குள்ள வரக் கூடாதுடா."

சித்திரையில் ஒரு பந்தல் சாமான் கொட்டகை எரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பஞ்சு மெத்தைகள், சீரியல் செட் ஒயர்கள். அணைத்துவிட்டு எச்சில் துப்பினால் மை மாதிரி விழுந்தது. டாங்கியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதற்குள் குடங்கள் வரிசைகட்டிவிட்டன.

அது எங்கள் பக்கத்துப் பழக்கம். மேட்டூர் திறக்கும்வரை ஆற்றில் மணல்தான். தீயணைப்பு வண்டி வந்தால், நெருப்பு அணைந்த பிறகு மிச்சத் தண்ணீர் அந்தத் தெருவுக்கு. இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் டிரைவர் அண்ணனேதான்.

"அண்ணே, ரெண்டு வாளி போதும். மொதல்ல நமக்குப் புடிச்சுக்குவோம்" என்றேன்.

முன்னால் நின்ற அம்மா கேட்டுவிட்டார். "சட்ட தொவைக்கவா தம்பி? எங்க மாடு காலைலேருந்து நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

"இது சாதா அழுக்கு இல்லம்மா. விஷம்."

"வெசம்னு தெரிஞ்சும் ஏன் போட்டுக்கிட்டு நிக்கிற?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் பன்னிரண்டாவதும் பாஸாகியிருப்பேன்.

அண்ணன் குழாயைத் திறந்துவிட்டார். "ஊத்துடா, கடைசில வாளிக்கு இருக்கும்" என்று கிசுகிசுத்தார். ஒவ்வொரு குடமாக நிரம்பியது. கடைசிக் குடம் பாதியில் டாங்கி இருமி நின்றது. வாளி காய்ந்தே கிடந்தது.

"கோட்ட வண்டி மேல கட்டிரலாம் சார்" என்றேன் எங்கள் நிலைய அதிகாரியிடம்.

"ஊருக்குள்ள போறப்ப கொல்லப் பொம்மையாட்டம் ஆடும். எவனாவது வீடியோ எடுப்பான். உள்ள போடு."

"அண்ணன் இருக்காரு சார்."

"கண்ணாடிய எறக்கிக்கச் சொல்லு."

அண்ணன் வண்டியில் ஏறினார். சாவியை உருவிக்கொண்டு மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். அதிகாரி கூப்பிட்டார், அதட்டினார். எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான் எல்லாக் கோட்டுகளையும் அள்ளிக்கொண்டு வண்டியின் பின் ஏணியில் தொற்றிக்கொண்டேன். அப்புறம்தான் வண்டி கிளம்பியது. கடைத்தெருவில் சிரித்தார்கள். வீடியோவும் எடுத்தார்கள்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. கோட்டுகளை வண்டியிலிருந்து இறக்கச் சொல்லி இல்லை, அண்ணனை இறக்கச் சொல்லி.

"ஒங்க ஒடம்புக்காகத்தாங்க" என்றார் அதிகாரி. கோபமாகக்கூட இல்லை, அன்பாகத்தான் சொன்னார்.

இப்போது அண்ணனுக்குப் போன் அறையில் வேலை. எங்கோ வைக்கோல் போர் எரிகிறது என்று யாராவது அலறுவார்கள். எந்த ஊர் என்று அண்ணன் கேட்பார். "ஹலோ, ஹலோ, யாருமே பேசலியே" என்று அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். மறுபடி மணி அடிக்கும். பக்கத்தில் நான் இருந்தால் ஓடிப்போய் வாங்கிப் பேசுவேன்.

கோட்டு மாட்டும் ஆணிகளும் அந்த அறையில்தான் இருக்கின்றன, அவர் நாற்காலிக்கு நேர் பின்னால்.