தொட்டிக்கால் குங்குமம்

போடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் அப்போது எனக்கு வேலை. ஏலத்தோட்டத்திலிருந்து நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வயிற்றுவலியோடு வந்து படுத்திருந்தது. ஈறில் நீலக்கோடு.

"ஈய விஷம்தான். எங்கிருந்து வருதுன்னு தெரியாம இவளை மலைக்கு அனுப்ப மாட்டேன்" என்றார் டாக்டர்.

மறுநாள் குழந்தையின் தாயோடு ஜீப்பில் ஏறினேன். பாதி வழியில் மேகத்துக்குள் புகுந்தோம். தோட்டத்துக் களத்தில் இறங்கியபோது மரங்கள் கரைவதும் திரள்வதுமாக இருந்தன. பெண்கள் ஏலக்காய் பறிக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விடுவார்கள். நோட்டில் எழுதிக்கொண்டேன்: குழாய்த் தண்ணீர், களத்து மண், கஞ்சிச் சட்டி, சாக்கு, தண்ணீர்த் தொட்டியின் இரும்புக்கால். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப் புட்டிகளில் கரைத்தேன்.

காய் உலர்த்திக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "டாக்டரம்மா, மண்ணை அள்ளிக் கொழம்பா வைக்கப் போறீக?"

"சும்மா கெட ஆத்தா. எம்புள்ள சோலி இது" என்றாள் தாய்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. கடைசிப் புட்டியில் மருந்தைச் சொட்டியதும் பொன்தூள் போல மஞ்சள் மிதந்து இறங்கியது. ஈயம் இருந்தால் வரும் மஞ்சள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அழகு. அதில் கரைத்திருந்தது, தொட்டிக்காலில் துருப் பிடிக்காமல் இருக்க அடித்த சிவப்புப் பூச்சு. ஏடு ஏடாக உரிந்து நின்றது.

"எம்புள்ள இரும்பையா கடிக்கும்?" என்றாள் தாய். நியாயம்தான். கைக்கு எட்டும், வாய்க்குப் போகாது என்று எழுதிவிட்டு, சாக்கு மூட்டையில் உட்கார்ந்தேன்.

மேகத்துக்குள்ளிருந்து மணியோசை. வாயாலேயே மணி அடித்தபடி மூன்று பிள்ளைகள் வந்து ஒரு கல்லைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி இலையில் சிவப்புப் பொடி வைத்திருந்தாள். கல்லுக்குப் பூசினாள், எல்லோர் நெற்றிக்கும் இட்டாள். பிறகு, கோயிலில் திருநீறு வாங்கினால் செய்வதைப் போலவே, ஆளுக்கு ஒரு சிட்டிகை நாக்கில். கண்களை மூடிக்கொண்டார்கள்.

"எங்கேம்மா எடுத்தீங்க இந்தக் குங்குமத்தை?" என்று கேட்டேன்.

"தொட்டிக்கால்ல சொரண்டுனது. இனிக்கும்."

"நீதான் பூசாரியா?"

"இல்ல. அவதான், ஆஸ்பத்திரிக்குப் போனாள்ல, அவ. எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சத்தையும் அவளே தின்னுருவா."

தாய் ஓடிவந்து, முந்தானையை நனைத்து மூன்று நாக்குகளையும் அழுத்தித் துடைத்தாள். பிள்ளைகள் அலறின. நான் அவர்கள் பெயர்களை எழுதிக்கொண்டேன். அவர்களையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் தொட்டிக்காலை ஈரத்துணி போட்டுச் சுரண்டி வேறு பெயிண்டு அடித்தார்கள். சுற்றியிருந்த மண்ணை வெட்டிப் பிள்ளைகள் போகாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அங்கே புது மண் கொட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் புது மண்ணைக் கரைத்துப் பார்த்தேன். புட்டி தெளிவாகவே இருந்தது.

கீழே வந்து சொன்னபோது குழந்தை கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கி, "வலிக்குதா?" என்றார்.

"இன்னொண்ணு" என்று தட்டை நீட்டியது.

டாக்டர் ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.