‘நர்சுதானே’ என்ற சொல்லும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்கா கையால் ஒரு முறையேனும் ஊசி போட்டுக்கொண்ட ஊர் மக்களுக்கும் தம்பியின் வணக்கம். மூத்தவர்கள் பலர் இருக்க நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அக்காவின் வாழ்க்கையில் அவரை மிகவும் சோதித்த ஒரு காரியம் என்னைச் சுற்றித்தான் நடந்தது. அதைச் சரியாகச் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

திருச்சுழிக்குக் கிழக்கே, கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் குதிரைவாலியும் உளுந்தும் என்று காலம் தள்ளும் ஊரில் அக்கா தலைமகளாகப் பிறந்தார். அவருக்கு அடுத்துப் பிறந்த குழந்தை தங்கவில்லை. வெகு காலம் கழித்து நான் பிறந்தேன். மழை பொய்த்த வருடங்களில் அப்பா கருவேல முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா, சீருடையை மாற்றிக்கொண்டு விறகு அடுக்கப் போவார். படிப்பில் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளும்வரை விடமாட்டார்.

பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் அம்மாவுக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் முடிந்து அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா, அத்தை, அக்கா எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தூங்குகிறார் என்றே அனைவரும் நினைத்தார்கள். வார்டைச் சுற்றி வந்த செவிலியர் ஒருவர் அம்மாவின் பாதத்தைத் தொட்டார், நாடியைப் பிடித்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். உடனே டாக்டரை அழைத்தார். வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அம்மாவை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பிழைத்தார். அதற்குப் பிறகும் பல வருடம் எங்களோடு இருந்தார்.

இதை அக்கா என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். “நாங்க எல்லாரும் அம்மாவச் சுத்தித்தாம்லே உக்காந்திருந்தோம். அந்த நர்சு ஒருத்தவுகதான் அம்மாவப் பாத்தாக.”

நர்சிங் படிக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது வீட்டில் பெரிய சத்தம். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, குடும்பத்துக்குத் தலைவர். அவர் வாக்கை மீறி வீட்டில் நாற்றுக்கூட நட மாட்டார்கள். “அடுத்தவன் அழுக்க அள்ளுறதுக்கு ஒரு படிப்பா? டீச்சருக்குப் படிக்கச் சொல்லு, செலவ நான் பாத்துக்கிறேன்” என்றார். பெரியப்பா இன்றும் நலமாக இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். “எழுதுடா. நான் சொன்னத நானே இல்லங்கவா போறேன்?” என்று சொல்லிவிட்டார்.

அன்று அப்பா அதிகம் பேசவில்லை. “அவ கேட்டா. நான் சரின்னுட்டேண்ணே” என்றார். அண்ணன் எதிரே அப்பா ஒரு முடிவைத் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அம்மா சொல்வார்.

அக்கா மதுரையில் படித்துத் தேறினார். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சில காலம் வேலை பார்த்தார். பிறகு அரசுப் பணி கிடைத்து நரிக்குடிப் பக்கமும், அதன்பின் டவுனிலுமாக ஓய்வு பெறும்வரை இருந்தார். பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் மச்சானை மணந்தார். ஒரே மகள். ஷிப்டு முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, மகளைப் படிக்க வைத்து, மச்சான் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையில் உட்கார்ந்து, மறுபடி டியூட்டிக்குக் கிளம்பிய நாட்களை அந்தத் தெருவே அறியும். மச்சான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. “ஒங்க அக்கா வேலைக்குப் போறா, நான் கடைக்குப் போறேன், இதுல என்ன இருக்கு?” என்பார்.

அக்காவின் குணம் பற்றி எல்லோரும் இரக்கம், பொறுமை, தாயுள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். அவை உண்மை. ஆனால் அக்காவுக்கு அந்தப் பாராட்டுகள் பிடிக்காது. வீரசோழன் பக்கத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு அக்காவை அழைத்திருந்தார்கள். நானும் உடன் போயிருந்தேன். அக்காவுக்கு முன்னால் பேசிய பெரியவர், செவிலியர்கள் எல்லாம் நடமாடும் தெய்வங்கள் என்று மனமுருகப் பேசினார். அக்கா எழுந்தார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. வீட்டில் பேசுவது போலவே பேசினார்.

“ஐயா பெரிய மனசோட சொன்னாக. ஆனா தெய்வத்துக்குப் படிப்பு வேண்டாம், சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம். எனக்கு மூணும் வேணும். அதுமட்டுமில்ல, தெய்வம் தப்புப் பண்ணுனா யாரும் கேக்க முடியாது. நான் தப்புப் பண்ணுனா நீங்க கேக்கணும். பதில் சொல்ல நான் கடமைப்பட்டவ. அதுக்குப் பேருதான் தொழிலு. பிள்ளைகளா, மனசு நல்ல மனசா இருக்குன்னு மட்டும் இந்தப் படிப்புக்கு வராதீக. படிக்க இஷ்டம் இருந்தா வாங்க.”

கூட்டம் கொஞ்சம் திகைத்துத்தான் போனது. முதலில் கை தட்டியவர் அந்தப் பெரியவரே.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பெண் பார்த்தபோது நரிக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. நல்ல குடும்பம், பெண்ணையும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பேச்சு முடியும் நிலையில் யாரோ ஒருவர் பெரியப்பாவின் காதில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா பாளையம்பட்டிக்கு வந்தார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தார்.

“ஏத்தா, அந்தப் பிள்ள முன்னால ஒங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்துச்சாமே. என்னத்துக்கு?”

“ஆஸ்பத்திரிக்கு யாரு வந்தாக, எதுக்கு வந்தாகன்னு நான் சொல்ல மாட்டேன் பெரியப்பா. வந்தாகளா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டேன்.”

பெரியப்பா சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார் போலும். “டாக்டர்கிட்ட கேட்டா சொல்ல மாட்டாரு, நாயம். அது அவரு தொழிலு. நீ நர்சுதானே?”

“நர்சுதான். டாக்டரு வாய மூடுனா அது தொழிலு, நான் மூடுனா அது திமிரா பெரியப்பா?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. “கட்டப்போறவன் ஒன் கூடப் பொறந்தவன். மறந்து போச்சா?”

“மறக்கல. அதான் பயமா இருக்கு. தம்பிக்காக இன்னைக்கு நான் வாயத் தொறந்தா, நாளைக்கு நம்ம பக்கத்துப் பொம்பளப் பிள்ள ஒருத்தி என்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுவாளா? சொல்லலைன்னா அவளுக்கு எப்படி வைத்தியம் பாக்குறது?”

“சொந்தத்துக்கு ஆகாத படிப்பு என்ன படிப்பு?” என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா எழுந்து தெருவில் இறங்கிவிட்டார். காபி அப்படியே இருந்தது. அப்பாவும் பின்னாலேயே போனார்.

நான் அடுக்களைக்குப் போனேன். அக்கா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“எனக்குக்கூடச் சொல்லக் கூடாதாக்கா?”

“ஒனக்குத்தாம்லே சொல்லவே கூடாது. ஒனக்குத் தெரியணும்னா நேரா அந்தப் பிள்ளைகிட்டயே போய்க் கேளு. சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம். அவ என்ன சொல்றாளோ அத வச்சு நீ முடிவு பண்ணு.” குழாயை மூடிவிட்டு, “நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ என்னையத்தான் சொல்லுவ. அதுவும் எனக்குத் தெரியும்” என்றார்.

அக்கா எதைப் பணயம் வைத்தார் என்பது அந்த வார்த்தையில்தான் எனக்குப் புரிந்தது. அவர் கையில் வளர்ந்தவன் நான்.

அடுத்த வாரம் அப்பாவோடு பெண் வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் முற்றத்தில் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் கண்ணில் படும்படி வேப்பமரத்தடியில் நின்று அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“ஒங்க அக்கா சொல்லலையா?”

“கேட்டோம். சொல்ல மாட்டேன்னுட்டாக.”

“அவுகளுக்கு எல்லாமே தெரியுமே. இந்நேரம் ஒங்க வீடு பூராவும் தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன். நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்கீகன்னு இருந்தேன்.”

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். என்ன நோய், எத்தனை காலம் மருந்து, எப்போது குணமானது, இனி என்ன கவனம் வேண்டும் என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லி முடித்து, “இப்ப நீங்க யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள். நான் யோசிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. அவள்தான் என் மனைவி. இந்த நிகழ்ச்சியை மலரில் எழுதச் சொன்னவளும் அவளே. நோயின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை. அது அவளுக்குச் சொந்தமானது.

கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தார், ஆசீர்வாதமும் செய்தார். அக்காவோடு மட்டும் பேசவில்லை. சில வருடங்கள் அப்படியே போயின. நல்லது கெட்டதில் எதிரெதிரே நின்றாலும் முகம் திருப்பிக்கொள்வார். அக்கா ஒவ்வொரு முறையும், “வாங்க பெரியப்பா” என்று கேட்பார். பதில் வராது. அதற்காக வருந்தினாரே தவிர, செய்தது சரிதானா என்று ஒரு நாளும் தடுமாறியதில்லை.

ஒரு மத்தியானம் பெரியப்பா தனியாகப் பஸ் ஏறி பாளையம்பட்டிக்கு வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாராம். “மகளாப் பாத்து வரல தாயி. நர்சாப் பாத்து வந்திருக்கேன். வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது” என்றாராம். அக்கா உள்ளே அழைத்துக் கேட்டு, உரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இதைப் பெரியப்பாவே பிற்பாடு எங்களிடம் சொன்னார். எதற்காகப் போனார் என்பதை அவரும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருடந்தோறும் புதுக் குதிரைவாலி அரிசி அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனது.

ஓய்வு பெற்றபின் அக்காவுக்கு நோய் வந்தது. கால்கள் உணர்விழந்து படுக்கையில் விழுந்தார். மகள் மதுரையிலிருந்து விடுப்பெடுத்து வந்துவிட்டாள். என் மனைவி அவரைத் தன் தாயைப் போலப் பார்த்துக்கொண்டாள்; குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிட்டாள். ஆனாலும் முதுகின் கீழே புண் கண்டது. அன்று அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “டவுன்ல இருந்து ஒரு நர்சக் கூப்புடச் சொல்லு தாயி” என்றார்.

அவளுக்கு முகம் வாடிவிட்டது. “நான் பாக்குறதுல என்ன மதினி கொற?”

“கொற ஒண்ணுமில்ல. ஒன் பாசம் எனக்கு வேணும், அது வேற. இந்தப் புண்ணுக்குப் படிச்சவ வரணும். பாசத்துக்குப் புண்ணு கேக்காது தாயி.”

அருப்புக்கோட்டை நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். தன் வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்களிடம் தமிழ். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எந்த இடத்தில் தலையணையைக் கொடுப்பது என்பதையெல்லாம் மாற்றினாள். புண் ஆறத் தொடங்கியது. கடைசி வாரங்களில் அக்கா வலி குறைந்து தூங்கினார். ஒரு காலையில், மகள் பக்கத்தில் இருக்க, மூச்சு அமைதியாக அடங்கியது.

அன்றே அச்சகத்துக்குச் சுவரொட்டி வாசகம் எழுதினோம். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று வழக்கப்படி எழுதியிருந்ததை வாசித்த மகள், “அம்மா என்னவா இருந்தாங்கன்னு இதுல எங்க இருக்கு மாமா?” என்று கேட்டாள். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற செவிலியர்’ என்று சேர்த்துவிடலாம் என்றேன். நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெரியப்பா நிமிர்ந்தார்.

“கீழ போடாத. வக்கீலுக்கும் டாக்டருக்கும் எங்க போடுறாகளோ, அங்க போடு.”

அப்படியே, பெயருக்கு முன்னால் போட்டோம்.

அக்காவைப் பிரிந்த துயரத்தில் பங்கெடுத்த அனைவருக்கும், முதல் நாளிலிருந்து அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பாளையம்பட்டித் தெருவாருக்கும், மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. புண்ணுக்குக் கட்டுக் கட்டிய அந்தச் செவிலியரிடம் நேரில் நன்றி சொல்லப் போனோம். “எதுக்கு சார், என் வேலையத்தானே பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.