பனிக்கட்டி மேல் நின்று சண்டை போட முடியாது

தெரிந்த டிரைவிங்கை மறக்கடிப்பதற்கென்றே நடக்கும் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதற்குக் கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது, தரை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும்.

தில்லியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இங்கே பல்கலைக்கழகத்தில் பனியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். செய்வதாகப் பெயர். போன வருஷம் எங்கள் குழு ஹிமாசலத்தில் லாஹௌல் வரை போய்ப் பனியின் ஆழத்தை அளந்துவிட்டு வந்தது. நான் தில்லியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்த எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். பனியைத் தொடாமலே பனியில் டாக்டர் பட்டம் வாங்கிவிடுவேன் போலிருந்தது.

இந்த வருஷமும் அதே கதிதான் என்று தெரிந்ததும் என் கைடின் அறைக்குள் புகுந்து அரை மணி நேரம் வாதாடினேன். ஜீப்பில் பனியில் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இருந்தாக வேண்டும், அதில் ஒருவர் அவரே, மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது, இரண்டாவது டிரைவர் இடம் மட்டும்தான் காலி என்றார் அவர். "அப்படியானால் அது என் இடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "முறையாகக் கற்றுக்கொண்டு சர்டிபிகேட்டோடு வா. சர்டிபிகேட் இல்லாத யாரையும் நம்பி நான் ஜீப்பைக் கொடுக்க மாட்டேன்."

கிட்வாய் நகர் பாடத்திட்டம்

எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அப்பா. திருநெல்வேலிக்காரர், மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் தில்லிக்கு வந்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வேர் விட்டுவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பழைய குட்டிக் காரில் காலனியைச் சுற்றி வகுப்பு நடக்கும். மொத்தப் பாடமும் நாலே வரி. முனை வந்தால் ஹார்ன். மாடு வந்தால் ஹார்ன். சந்தேகம் வந்தால் ஹார்ன். நாலாவது பாடம்தான் முக்கியம்: எவனாவது இடித்தால் யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். முதலில் இறங்கி முதலில் கத்துகிறவர் பக்கம்தான் தில்லியில் நியாயம் இருக்கும். காரிலேயே உட்கார்ந்திருப்பவர் குற்றவாளி.

இதில் நான் பல்கலைக்கழகம் போகும் முன்பே டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது. மூல்சந்த் சிக்னலில் டெம்போக்காரர் ஒருவரிடம் நான் நின்ற பக்கம் நியாயம் இருக்கிறது என்று பத்து நிமிஷம் நிரூபித்த பிறகு, கடைசியில் "அச்சா மேடம், ஸாரி மேடம்" என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் நின்ற பஸ்ஸே கை தட்டியது.

அப்படிப்பட்ட நான் பனியில் ஓட்டக் கற்கப் போகிறேன் என்றதும், அம்மா ஸ்வெட்டர் எண்ணப் போய்விட்டாள். அப்பா தினசரியை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, ரோடு இருக்குத ஊருலயே நீ நேரா ஓட்ட மாட்ட. ரோடே தெரியாத ஊருல போயி என்னத்தட்டி ஓட்டப்போற?"

நாலு சக்கர நம்பிக்கை

மணாலியைத் தாண்டி, நீளச் சுரங்கப்பாதையையும் தாண்டினால், ஆற்றங்கரையில் ஒரு மைதானம். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சி விட்டுவிடுவார்கள். காலையில் அது பளிங்கு. சுற்றிலும் இடுப்பளவு பனிச்சுவர். நடுவே பழைய டயர்கள். அதுதான் வகுப்பறை. மாணவர்கள் ஆறு பேர். சொல்லித் தருகிறவள் பெயர் தோல்மா. என் வயசுதான் இருக்கும். பதினெட்டு வயசிலிருந்து அந்த மலைப்பாதையில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவள். அவள் பேசியது ஹிந்தியில், தமிழ் என்னுடையது.

என் சக மாணவர்களில் முக்கியமானவர் ஜனக்புரி பாட்டியா அங்கிள். நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் பெரிய வண்டியை, தில்லியிலிருந்து தானே ஓட்டி வந்திருந்தார். "இதை ஓட்டத் தெரிந்தவனுக்குப் பனியும் ஒன்றுதான், ரிங் ரோடும் ஒன்றுதான், பேட்டி" என்று என்னை மகளாக்கிக்கொண்டு, காலை டீயிலேயே எனக்கு வகுப்பு எடுத்துவிட்டார். பெண்களுக்குக் கால் மெத்தென்று இருப்பதால் பனியில் ஒருவேளை நன்றாக ஓட்டுவார்கள் என்றும் சொன்னார். அதை மறுத்து நான் ஆரம்பிப்பதற்குள் தோல்மா அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

முதல் பயிற்சி சுலபமானது. சைக்கிள் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்து, சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். பாட்டியா அங்கிள் கம்பீரமாக வந்தார், கம்பீரமாக பிரேக் போட்டார், கம்பீரம் கொஞ்சமும் குறையாமல் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பனிச்சுவருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வைப்பர் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. தோல்மா ஜன்னலைத் தட்டிச் சொன்னாள்: "நாலு சக்கரமும் இழுக்கும் சார், நிஜம்தான். நிறுத்தும்போது நாலும் சேர்ந்து வழுக்கும், அதுவும் நிஜம்தான்."

சுவருக்கு ஹார்ன்

சிரித்தவள் நான். அடுத்த முறை என்னுடையது.

பள்ளியின் சின்னக் காரில் ஒரு வளைவைச் சுற்றி வர வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. இன்னும் திருப்பினேன். சக்கரங்கள் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பனியில் அப்படித்தானாம், அதிகம் திருப்பினால் டயர் பிடியை விட்டுவிடும், கொஞ்சம் நேராக்கினால்தான் மறுபடி பிடிக்கும். என் கைக்கு அதெல்லாம் யார் சொன்னது? பனிச்சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த நொடியில் என் உடம்பு, கிட்வாய் நகரில் கற்ற ஒரே நம்பிக்கையான காரியத்தைச் செய்தது. பக்கத்து இருக்கையில் தோல்மா, கார் மெத்தென்று சுவரில் போய்ச் சாயும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டாள்: "ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சீங்களே மேடம்ஜி, அப்பவும் சுவர் வழி விடலையா?"

அப்பளமும் இயற்பியலும்

அவமானம் வந்தால் எனக்கு வாதம் வரும். அன்று மத்தியானம் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு தோல்மாவிடம் பனியின் உராய்வு பற்றி விளக்கினேன். பனியின் மேல் மெல்லிய ஈரப்படலம் எப்படி உண்டாகிறது, வெயில் ஏற ஏறப் பிடிமானம் எப்படி மாறுகிறது என்று குச்சியால் தரையில் படமே போட்டுக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய பாடத்தில் இருந்தது ஒரு அப்பளம் மட்டும்தான்: ஷூவுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு பாப்பட் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அது நொறுங்கக் கூடாது. அன்று காலையிலிருந்து நான் நொறுக்கியதை வைத்து ஒரு கல்யாணப் பந்தி நடத்தியிருக்கலாம்.

நான் பேசி முடித்ததும் அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க சொன்னது எல்லாமே சரி மேடம்ஜி. வாங்க, இதையே கார்கிட்ட சொல்லிப் பார்ப்போம்."

நாலாவது பாடம்

மூன்றாம் நாள்தான் அந்தக் கேவலம் நடந்தது. பாட்டியா அங்கிளும் பள்ளியின் சின்னக் கார் ஒன்றுக்கு மாறியிருந்தார். இரண்டு காரிலும் நாங்கள் தனித்தனியாக, முன்னும் பின்னுமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். தோல்மா வாக்கி-டாக்கியோடு ஓரத்தில் நின்றாள். அங்கிளின் கார் திடீரென்று சுழன்று நின்றது. நான் அப்பளத்தை நொறுக்காமல்தான் அழுத்தினேன், சத்தியமாக. என் கார் நிதானமாக ஊர்ந்து போய் அவருடைய பம்பரில் முட்டியது. 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்ட இரண்டு பேரும் தில்லிக்காரர்கள். ஒரே நேரத்தில் கைப்பிரேக்கை இழுத்தோம். ஒரே நேரத்தில் கதவைத் திறந்தோம். "தேக் கே நஹி சலா சக்தீ? பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்று அவர் விரலை நீட்டினார். "நடுவில் நிறுத்தியது யாரு அங்கிள்?" என்று நான் விரலை நீட்டினேன். நீட்டிய விரலோடு அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார், நான் இந்தப் பக்கம் மல்லாந்தேன். எழுந்திருக்க முடியவில்லை, ஆனால் வாதத்தை ஏன் நிறுத்த வேண்டும்? படுத்த வாக்கிலேயே தொடர்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்கும் அங்கிளுக்கும் நடுவில் இருந்த கார்கள் அங்கே இல்லை. கைப்பிரேக் போட்டது போட்டபடி, கதவு திறந்தது திறந்தபடி, இரண்டும் ஒட்டிக்கொண்டே சரிவில் மெல்லப் போய்க்கொண்டிருந்தன. மற்ற நாலு மாணவர்களும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோல்மா சிரிக்கவில்லை. அவள் சொல்லாமல் யாரும் பனிக்கட்டியில் இறங்கக் கூடாது என்பது பலகையில் எழுதியிருந்த முதல் விதி. அங்கிள் எழுந்து சால்வையைத் தட்டிக்கொண்டு, தனக்கு சர்டிபிகேட் ஒன்றும் வேண்டாம் என்று போய்விட்டார். எனக்கு அது வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த வருஷமும் ஹீட்டர், எண்கள், கம்ப்யூட்டர். முதல் முறையாக வாதாடாமல், மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டேன். அவள் வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க பேசும்போது யாரோட பேசுறீங்களோ அவங்களைப் பார்க்கிறீங்க, வழுக்குற கார் நீங்க பார்க்கிற பக்கம்தான் போகும். நாளைக்குப் பரீட்சை எழுத விடறேன், ஆனா காருக்குள்ள ஒரு வார்த்தை பேசினாலும் ஃபெயில்."

ஒரு வார்த்தை

பரீட்சை இதுதான்: ஏழு டயர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும், ஒரு பெரிய வளைவு, பிறகு சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு. பின்னதுதான் கஷ்டம் என்று அம்மாவிடம் கேட்டால் சொல்வாள்.

முதல் டயர் தாண்டியதுமே பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோல்மா வம்புக்கு இழுக்க ஆரம்பித்தாள். தில்லியில் யாருக்குமே ஓட்டத் தெரியாதாமே? பல்லைக் கடித்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பனியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன் என்றாள். எனக்குக் காது சுட்டது. பாட்டியா சார் சொன்னது சரி, பெண்களுக்குக் கால் மெத்தென்று இருக்கிறது என்றாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய வளைவு. காரின் பின்பக்கம் விலக ஆரம்பித்தது. கண் ஓரத்தில் பனிச்சுவர், இந்தப் பக்கம் தோல்மாவின் முகம், இரண்டையும் பார்க்கவில்லை. சுவருக்கும் கடைசி டயருக்கும் நடுவே தெரிந்த இடைவெளியை மட்டும் பார்த்தேன். கை தானாக அந்தப் பக்கம் போனது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. காரின் பின்பக்கம் ஒரு கணம் யோசித்தது, பிறகு முணுமுணுக்காமல் என் பின்னாலேயே வந்துவிட்டது.

கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றோம். நான் அப்போதும் பேசவில்லை. பேசலாமா என்று தெரியவில்லை. தோல்மா நோட்டில் எதையோ எழுதி, கிழித்து, என் மடியில் வைத்தாள். "பாஸ். இப்போ மூச்சு விடுங்க மேடம்ஜி, அது பேச்சுல சேராது."

பாராபுல்லா மேம்பாலம்

தில்லி திரும்பிய அன்று காலை தூறல். அப்பா காஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்குக் காரோடு வந்திருந்தார். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாராபுல்லா மேம்பாலத்தில், வாரக்கணக்கில் படிந்த எண்ணெயும் புதுத் தண்ணீரும் சேர்ந்து ரோடு மினுமினுத்தது. ஒரு டாக்ஸி சிக்னலே போடாமல் குறுக்கே விழுந்தது. அப்பாவின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் இடைவெளியைப் பார்த்தேன், காலை மெல்ல எடுத்தேன், கார் ஒரு சின்ன அசைவோடு அதில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. டாக்ஸிக்காரரிடம் சொல்ல என்னிடம் நல்ல நல்ல வாக்கியங்கள் இருந்தன, சொல்லவில்லை.

லாஜ்பத் நகர் வந்தது. அப்பா குனிந்து ஸ்டியரிங்கை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, ஹார்ன் ரிப்பேராயிட்டா?"

கைடின் அறையில்

மறுநாள் சர்டிபிகேட்டை மேஜை மேல் வைத்தேன். கைடு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் இரண்டாவது டிரைவர் என்று இருந்த காலியிடத்தில் என் பெயரை எழுதினார். அந்தச் சந்தோஷத்தில், மரியாதைக்காக, சாதாரணமாகத்தான் கேட்டேன்: "நீங்கள் எந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டீர்கள் சார்?"

பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டதும் என் வாய்க்குள் பதினோரு வாதங்கள் வரிசையாக வந்து நின்றன; ஒவ்வொன்றும் மூல்சந்த் சிக்னலில் கைதட்டல் வாங்கக்கூடியது. அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். பாதியில் கழுத்தைத் திருப்பி, சுவரில் ஈரம் காயாத என் பெயரைப் பார்த்தேன். அங்கேதானே போக வேண்டும். நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பள்ளியா? நான் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லையே, சும்மா ஓட்டுகிறேன்."

அந்தப் பதினோரு வாதங்களையும் நான் தொலைத்துவிடவில்லை. லாஹௌலில் ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, அது நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அவரிடம் ஆரம்பிப்பதாக இருக்கிறேன்.