மூன்று மணிக்குத் திரும்பிய பேனல்

எங்கள் வீட்டுக்குக் கீழே, காப்பிச் செடிகள் முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் தலையில் இரண்டு சோலார் பேனல்கள். காலையில் கிழக்கே பார்த்திருக்கும். வெயில் நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே சாயும். சாயங்காலம் ஒரு சுவிட்சில் முட்டியதும், மறுநாளுக்காகக் கிழக்கே திரும்பிக்கொள்ளும். நாகலூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் இறங்கி வந்து விசாரித்ததுண்டு. அதைச் செய்தவன் நான்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதையும் கேட்காமலேயே அவர்களிடம் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. இப்போது சொல்வதில்லை.

மோட்டார், உடைப்புக்கு வந்த ஒரு வேனின் வைப்பர் மோட்டார். சேலத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போட்டு அதைக் குழாயோடு இணைத்தேன். வெயிலைக் கண்டுபிடிப்பதற்கு மேலே ஒரு சின்ன டப்பா. அதற்குள் கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்த பலகை, சரிவுக்கு ஒன்றாக இரண்டு சென்சார். கிழக்குச் சரிவில் வெளிச்சம் கூடினால் மோட்டார் கிழக்கே சுற்றும். மேற்கில் கூடினால் மேற்கே. இரண்டிலும் சமமாக விழுந்தால் நின்றுவிடும். அதற்கு மூளை அவ்வளவுதான். போனில் ஏதோ வெளிநாட்டுக்காரர் செய்து காட்டியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. கேட்டைச் சாத்திவிட்டு பாதி வழி போய்த் திரும்பி வருகிறவன். அந்தக் கம்பம் நின்ற பிறகு கவலை இரண்டு மடங்கானது. தினமும் ஸ்பானரோடு போய் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பேன். செயினுக்கு கிரீஸ் போடுவேன். சென்சார் டப்பாவில் சிலந்தி கட்டியிருந்தால் துடைப்பேன். குரங்குகள் ஏறி உட்கார்ந்து மெல்லச் சுற்றிப் போவதைப் பார்த்தால் கைதட்டி விரட்டுவேன். காற்று எழுந்தால் கயிறு கட்ட ஓடுவேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்னய இத்தன தடவ திரும்பிப் பாக்கலீங்க," என்பாள் என் மனைவி.

பேனல் ஓட்டுவது ஒரு பம்பை. பள்ளத்து ஊற்றுத் தொட்டியிலிருந்து எங்கள் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும். மேட்டிலிருந்து ஒரு ஓஸ் பக்கத்துத் தோட்டத்து அக்கா வீட்டுக்குப் போகும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் வெள்ளாமை செய்கிறவர்கள். நாங்கள் எஸ்டேட் வேலைக்குக் கீழேயிருந்து வந்தவர்கள். அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். முழங்கால் வலியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்றுதான் ஏறுவார். முதல்நாள் அவர் வீட்டு டிரம்மில் தண்ணீர் விழுந்தபோது அது நிறையும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங்க தம்பி, வெயிலு இருக்கறவரைக்கும் வந்துட்டே இருக்குமுங்களா?"

"இருக்குமுங்கக்கா."

"அப்ப இனிமே மழ பேயக்கூடாதுன்னுதான் நான் சாமி கும்புடோணும்," என்று சிரித்தார்.

எங்கள் கம்பத்துக்கு மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம், அக்காவுடைய சில்வர் ஓக் மரம் ஒன்று இருந்தது. அதில் ஒரு மிளகுக் கொடி. மகள் வயிற்றில் இருந்தபோது நட்டதாம். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஏறி, மரத்தின் பட்டையே தெரியாமல் மூடியிருந்தது. தோட்டத்தில் வேறு கொடிகளும் உண்டு, அவற்றின் மிளகு ஏற்காட்டுக் கடைக்குப் போகும். இந்தக் கொடி மிளகு மட்டும் போகாது. வீட்டு ரசத்துக்கு, மகளுக்கு, பிறகு மாசி மாதம் ஒரு படி எங்களுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசிச் சாரல் குளிக்கும் இடத்துக்குள் அடிக்கிறது என்று மனைவி சொன்னதால், வீட்டின் மேற்குப் பக்கத்தில் புதுத் தகரம் வாங்கி நட்டுக்குத்தலாகத் தடுப்பு அடித்தேன். கார்த்திகையில் மழை விட்டு நல்ல வெயில் வந்தது. அப்போதுதான் பேனல் கோளாறு செய்யத் தொடங்கியது. மூன்று மணி வரை ஒழுங்காக மேற்கே போகும். மூன்று மணிக்கு நிற்கும். பிறகு கிழக்கே திரும்பும், மறுபடி மேற்கே வரும், மறுபடி கிழக்கே. செயின் கரகரக்கும். மோட்டாரைத் தொட்டால் சுட்டது.

வயர்களைக் கழற்றி மாட்டினேன். சென்சாரை மாற்றினேன். நான்காம் நாள் மூன்று மணிக்குக் கம்பத்தடியில் நின்று பார்த்தபோது, சில்வர் ஓக்கின் உச்சி நிழல் பேனலின் ஓரத்தில் வந்து ஆடிக்கொண்டிருந்தது. மேற்குச் சென்சாரில் நிழல் விழுகிறது, அதனால் கிழக்கே ஓடுகிறது. கணக்குச் சரியாக வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு எங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன், இதை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

அன்றைக்கே அக்காவிடம் போனேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கொடியில் பச்சைச் சரங்கள் விரல் நீளத்துக்குத் தொங்கின.

"மரந்தான் காரணமுன்னு உறுதியாத் தெரியுங்களா தம்பி?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டால் எனக்குள் ஒன்று நிமிர்ந்துகொள்ளும். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் முதல் எல்லோரும் இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று பார்த்தவர்கள்தான்.

"தெரியுமுங்கக்கா," என்றேன்.

"தை வரைக்கும் பொறுத்தா காயி பழுத்துரும். பறிச்சுட்டு வெட்டிக்கலாமுங்க."

"மோட்டரு கருகிப் போயிருமுங்கக்கா. அப்பறம் ரெண்டு ஊட்டுக்கும் தண்ணி இல்ல."

அவர் மரத்தை விட்டுவிட்டு ஓஸைப் பார்த்தார். "தண்ணி உடற ஆளு கேக்கறப்ப நான் என்னத்தச் சொல்லட்டும். வெட்டிக்கங்க."

அந்த வார்த்தையிலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாளே ஆள் வந்து மரத்தை இறக்கினார். கொடி மரத்தோடு சேர்ந்து விழுந்து, வேலி மேல் கிழிந்து கிடந்தது. அக்கா முறத்தை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்து, முற்றாத சரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். நான் பேனலுக்கு கிரீஸ் போடுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் மூடுபனி. மூன்றாம் நாள் வெயில் வந்தது. மூன்று மணிக்குப் பேனல் நின்றது. கரகரவென்று கிழக்கே திரும்பியது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டார். "இப்பச் சரியாப் போச்சுங்களா தம்பி?"

"ஆச்சுங்கக்கா," என்றேன்.

அந்த வாரம் என் மனைவி மழைக்காலத்துக் கம்பளியைத் துவைத்து, வெயில் நன்றாக விழுகிறது என்று அந்தத் தகரத் தடுப்பின் மேல் போட்டாள். அன்றைக்குப் பேனல் மூன்று மணியைத் தாண்டி, நான்கைத் தாண்டி, ஒழுங்காக மேற்கே போய் முடிந்தது. மறுநாள் கம்பளி இல்லை, பேனல் திரும்பியது. நான் கம்பத்தடியில் நின்று, எதற்கோ தலையைத் திருப்பினேன். கிழக்கே, வீட்டு மேட்டிலிருந்து தகரம் கண்ணில் குத்தியது. இன்னொரு சூரியன் அங்கே நிற்பது போலிருந்தது. ஓடிப்போய்க் கம்பளியைத் தகரத்தில் போட்டேன். பேனல் மேற்கே வந்தது. எடுத்தேன். கிழக்கே போனது. மூன்று தடவை செய்தேன். இதையாவது மூன்று தடவை செய்தேன்.

"என்னுங்க இது, கம்பளிய வெச்சுட்டு வெளையாடறீங்க?" என்று மனைவி வந்தாள். சொன்னேன். அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். "போயிச் சொல்லீட்டு வாங்க," என்றாள்.

நான் போகவில்லை. மீதியிருந்த பச்சைப் பெயின்டை எடுத்துத் தகரத்தின் மேல் அடித்தேன். பேனல் சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து அக்கா, "பச்ச அடிச்சது நொம்ப லட்சணமா இருக்குதுங்க தம்பி," என்றார். தலையாட்டினேன்.

மாசி வந்தது. ஒரு மத்தியானம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் அதே படி. அதில் மிளகு, படி நிறைய இல்லை. கறுத்துச் சுருங்கி, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை.

"இந்த வருசம் பூராப் பொக்குங்க. முத்தறதுக்கு முன்னால கிள்ளுனது. காரம் இருக்காது, கோவிச்சுக்காதீங்க," என்றார்.

மகளுக்குக் கொடுத்தீர்களா என்று மனைவி கேட்டாள். அவளுக்கு இந்த வருசம் இல்லைன்னு சொல்லிக்கலாம், தண்ணி கொடுக்கிற ஊட்டுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது என்றார் அக்கா.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தகரத்தை, கம்பளியை, பெயின்டை. அக்கா நேராகப் போய்த் தடுப்பின் முன்னால் நின்று, நகத்தால் பெயின்டைக் கீறினார். உள்ளே தகரம் கோடாக மின்னியது.

"தெரியாம வெட்டச் சொன்னது எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார். "ஆச்சுங்களான்னு கேட்டேன். ஆச்சுன்னு சொன்னீங்களே."

படியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். போகிற வழியில் தன் பக்கத்துக் குழாயைத் திருகி மூடினார்.

பங்குனியிலும் சித்திரையிலும் அவர் குடத்தில்தான் தண்ணீர் எடுத்தார். ஊற்றுக்கு எங்கள் கம்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பேனல் மேலே ஒரு குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே அவர் மேட்டுக்கு மேடு நின்று மூச்சு வாங்குவார். என் மனைவி குடத்தை வாங்கினால் கொடுப்பார். நான் கை நீட்டினால், "வேலையப் பாருங்க தம்பி," என்பார். மரியாதை குறையவில்லை. அது குறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வைகாசியில் இரண்டு மழை பெய்த பிறகு, ஒரு காலையில் வேலியோரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பழைய மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் அக்கா குழி தோண்டி, முழங்கால் உயர சில்வர் ஓக் கன்று ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். மகள் ஊரிலிருந்து வந்த மிளகுக் கொடித் துண்டு ஈரச் சாக்கில் சுற்றி இருந்தது. ஒரு காலத்தில் இங்கிருந்து கிள்ளிக்கொண்டு போன கொடியாம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

"இது வளந்தா உங்க மிசினு மேல நெசமாவே நெழலு உழுமுங்க," என்றார், நிமிராமல். "அப்பவும் வந்து கேப்பீங்களா?"

"இல்லீங்கக்கா. கம்பத்த எடுத்து அந்தப் பக்கம் நட்டுக்கறேன்."

"உறுதியாத்தான் சொல்றீங்களா?"

ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"உறுதின்னு சொல்ல இப்ப எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா. எடம் மட்டும் பாத்து வெச்சிருக்கறேன். வெயிலு காலையில எப்ப வருது, சாயங்காலம் எப்பப் போகுதுன்னு ஒரு மாசமா குச்சி நட்டுப் பாத்துட்டிருக்கறேன்."

"எங்க?"

காட்டினேன். பாறைக்குக் கிழக்கே, பிளம்ஸ் மரத்துக்குத் தள்ளி. ஏழெட்டுக் குச்சிகள் வரிசையாக நின்றன. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தார்.

"குச்சியவாவது ஆடு மேயாம பாத்துக்கங்க," என்றார். பிறகு, கன்றைச் சுற்றி மண்ணை மிதித்துவிட்டு, தன் பக்கத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. இரண்டு மாதமாக மூடிக் கிடந்த ஓஸில் காற்று அடைத்திருந்தது.

"என்னுங்க பாத்துட்டு நிக்கறீங்க? செடி வாடுது."

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.